எல்லாமே ‘அவசரம்’ என்றால்?

ஆசிரியருக்கு, வணக்கம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாவதால் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் காத்துக் கிடப்பதாக நேற்று வெளியான செய்தியைப் படித்தேன். ஆட்கள் போதவில்லை, கருவிகள் பழசு என்று அதில் சொல்லப்பட்ட காரணங்கள் சரிதான். ஆனால் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ‘அவசரம்’ என்ற முத்திரை கண்டபடி குத்தப்படுகிறது. மாரடைப்பு சந்தேகத்தில் இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின், சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் போன்றவை நிமிடக் கணக்கில் தேவைப்படுபவை. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு என்ன அவசரம்? காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் எங்களுக்கு வரும் ட்ரேயில் இதுவும் கொழுப்புப் பரிசோதனையும் அதே சிவப்பு ஸ்டிக்கருடன்தான் இருக்கின்றன. உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரின் ரத்த மாதிரி அவற்றுக்கு நடுவே தன் முறைக்காக நிற்கிறது. எவ்வளவு விரட்டினாலும் சீரத்துக்கான (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீருக்கான) ரத்தம் உறைவதற்கு வழக்கமாக அரை மணி நேரமாவது ஆகும். பொறுக்காமல், சீரத்தைப் பிரிக்கும் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினால், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழை பரிசோதனைக் கருவியின் ஊசியை அடைத்து, மொத்த வரிசையும் நின்றுவிடும்.

எந்தெந்தப் பரிசோதனையை அவசரமாகக் கேட்கலாம் என்று மருத்துவர்களும் ஆய்வகமும் கூடிப் பேசி ஒரு பட்டியல் போடட்டும். அதில் இல்லாததைக் கேட்பவர், காரணத்தையும் முடிவைச் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணையும் படிவத்தில் எழுதட்டும். அப்புறம், அவசரமாகத் தந்த முடிவுகளை வார்டில் எத்தனை மணிக்குத் திறந்து பார்த்தார்கள் என்பதையும் மாதம் ஒருமுறை கணினியில் எடுத்துப் பார்க்கலாம்.