காலி கேனைத் தனிக் கட்டாகக் கட்டுங்கள்

மாநகராட்சித் திடக்கழிவுப் பிரிவு அலுவலர்களுக்கும் பழைய உலோக வணிகர்களுக்கும்,

வணக்கம். குளிர்பான, பீர் கேன்களைப் பாத்திரம், இன்ஜின் துண்டு, ஜன்னல் சட்டத்தோடு ‘அலுமினியம்’ என்று ஒரே குவியலில் கொட்டாதீர்கள். அப்படிக் கலந்த சரக்கு மறுபடி கேன் ஆவது கடினம்.

கேனின் உடல் 3104 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை ரகம். மாங்கனீசு, மக்னீசியம் இரண்டும் ஏறத்தாழ 1 சதவீதம். மூடி 5182 ரகம். அதில் மக்னீசியம் 4 முதல் 5 சதவீதம். உடலுக்கான தகடு கால் மில்லிமீட்டர் சொச்சம். அதைக் கிண்ணமாக அழுத்தி வளைய அச்சுகளுக்குள் தள்ளும்போது சுவர் 0.1 மி.மீ. அளவுக்கு மெலிகிறது. அங்கே இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த பெரிய படிகம் ஒன்று சிக்கினால் ஊசித்துளை விழும். அல்லது கேன் பாதியில் கிழிந்து உற்பத்தி லைன் நிற்கும்.

சிலிக்கானுக்கு 3104-இல் உச்சவரம்பு 0.6 சதவீதம். கொஞ்சம் இருப்பது நல்லதுதான். அதனால் உருவாகும் கடினத் துகள்கள் அச்சில் ஒட்டும் உலோகத்தைத் தேய்த்து எடுக்கும். 0.2 சதவீதம் சிலிக்கான் உள்ள 1 டன் கேனில், 10 சதவீதம் சிலிக்கான் உள்ள இன்ஜின் வார்ப்பு 50 கிலோ கலந்தால் மொத்தம் 0.67 சதவீதம். வரம்பு போயிற்று! மக்னீசியம் உலையில் ஓரளவு எரிந்து குறையும். சிலிக்கானும் இரும்பும் அப்படிப் போகாது. புது அலுமினியம் ஊற்றி நீர்க்கச் செய்ய வேண்டும். பழையதை உருக்க ஆகும் ஆற்றலோ புதியது எடுக்க ஆவதில் 5 சதவீதம்தான்.

மூடியை வெட்டவோ, அதைத் திறக்க இழுக்கும் வளையத்தைப் பிடுங்கவோ வேண்டாம். வளையம் ‘சுத்த அலுமினியம்’ என்பது கட்டுக்கதை. அதிலும் மக்னீசியம் உண்டு. கட்டும் முன் காந்தம் ஓட்டி இரும்பு டப்பாக்களை எடுங்கள். மண்ணை உதறுங்கள். பெயின்ட் போகட்டும் என்று திறந்தவெளியில் கொளுத்தினால் மெல்லிய சுவர் ஆக்சைடாகிக் கசடுதான் மிஞ்சும். மிக முக்கியமாக, கட்டுக்குள் தண்ணீர் தங்கக்கூடாது. ஈரக்கட்டு உருகிய உலோகத்துக்குள் போனால் நீராவி வெடித்து, உலையருகே நிற்பவர் மேல் உலோகம் தெறிக்கும்.

ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 75 கேன்கள். தனியாகச் சேர்ப்பவருக்கு அதற்கேற்ற விலை கிடைக்க, டெண்டரில் ‘கேன் மட்டும்’ என்று தனி விலை விகிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உருக்காலைத் தொழில்நுட்பர்கள்