கரையில் கோடு போட்ட பெரியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. செருப்பைத் தட்டினால் இன்னும் மணல் உதிர்கிறது. இந்த மடலைத் தள்ளிப்போட்டால் மனம் ஆறிவிடும், ஆறிய பிறகு எழுதினால் பாதிதான் வரும் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

வேற்று நாட்டுக் கடற்கரையில் எங்கள் திருமணச் சடங்குக்கு முதல் நாள் இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. வர வேண்டிய பெட்டியும் வரவில்லை, வர வேண்டியவர்களும் வரவில்லை. ஆனாலும் மறுநாள் மாலை எங்கள் சடங்கு நடந்தது.

அதற்கு முதல் காரணம், பெயர்கூட எனக்குத் தெரியாத ஒரு பெரியவர்.

விடியற்காலையில் தூக்கம் வராமல் கரைக்குப் போனேன். கரை ஒதுங்கிய பாசியை, நீளக் கைப்பிடி வைத்த குப்பைவாரியால் அவர் இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டு நாற்காலிகளுக்கான இடத்தைக் காலால் கோடு கிழித்து அளந்தேன். அழுதுகொண்டும் இருந்திருப்பேன். அவர் அருகே வந்து என் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தார். கடலைக் காட்டினார். மேற்கே இன்னும் மறையாமல் நின்ற நிலவைக் காட்டினார். தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பிறகு இருபது அடி மேலே ஏறிப்போய், வாரியின் கைப்பிடியால் மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

சடங்குக்கு நான்கு நாள் முன்பு மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்துத்தான் அந்த இடத்தை முடிவு செய்திருந்தோம். அப்போது மணல் அகலமாக விரிந்து கிடந்தது. கடல் ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், நான்கு நாளில் அது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும், பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டமும் வழக்கத்தைவிட உயரும் என்பதெல்லாம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சடங்கு நாளன்று மாலை ஆறு மணிக்கு நான் கிழித்த கோட்டின் மேல் அலை புரண்டுகொண்டிருந்தது. அவர் போட்ட கோட்டை நுரைகூடத் தொடவில்லை.

சட்டப்படி நாங்கள் மூன்று வாரம் முன்பே கணவன் மனைவி. வேற்று நாட்டில் சட்டப்படி மணம் முடிப்பதென்றால் அங்கே தங்கியிருக்க வேண்டிய நாட்கள், சான்றொப்பமிட்ட ஆவணங்கள், அவற்றின் மொழிபெயர்ப்பு என்று பல இடங்களில் வேலை நீளும். அதனால் பதிவை இங்கேயே முடித்துக்கொண்டு, கடற்கரையில் அடையாளச் சடங்கு மட்டும் என்று முடிவு செய்தோம். பெட்டி வராத அந்த இரவில் எங்களைத் தேற்ற வந்த சிலர், “வெறும் அடையாளம்தானே, விட்டுவிடுங்கள்” என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட நேரம் இருக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கரைக்கென்று எடுத்து வைத்திருந்தோம். யாரும் விளக்காமலே அந்தப் பெரியவருக்கு இது புரிந்திருந்தது.

இருவரும் ஒன்றாவதன் அடையாளமாக, நீலமும் வெள்ளையுமாக இரண்டு நிற மணலை ஒரே குடுவையில் கலப்பதாக இருந்தோம். வாங்கி வைத்த மணல் வராத பெட்டிக்குள் இருந்தது. அண்ணி இதைச் சைகையில் அவரிடம் சொல்லியிருக்கிறார். மாலையில் அவர் இரண்டு கிண்ணங்களோடு வந்தார். ஒன்றில் மேட்டில் அள்ளிய காய்ந்த மணல், வெளிறிய நிறம். மற்றதில் அலை நனைத்த மணல், கருத்த நிறம். ஒரே கரையின் மண்!

ஈர மணல் ஊற்ற வரவில்லை. பிட்டுப் பிட்டுக் கையால்தான் போட்டோம். அதன்மேல் விழுந்த காய்ந்த மணல், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடியிலிருந்து மெல்ல மெல்லக் கருத்தது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபடியேதான் என் உறுதிமொழியைச் சொன்னேன். முடிந்ததும் அந்த மணலைக் கரைக்கே திருப்பிக் கொடுத்தோம். சாயமேற்றிய மணல் என்றால் அப்படிச் செய்திருக்க முடியாது.

பணம் நீட்டினோம். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மறுத்துவிட்டார்.

இனி மற்றவர்கள். ஒரே பகலில் சடங்கை நடத்தக் கற்றுக்கொண்டு, காற்றின் இரைச்சலையும் மீறிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி வாசித்த நண்பனுக்கு. தன் புடவையை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்ட அண்ணிக்கு. நள்ளிரவில் விமான நிலையத்தில் எங்களுக்காக நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்ணுக்கு. நாற்காலி சுமந்த பக்கத்து அறைத் தம்பதிக்கு. இங்கிருந்தபடியே திரையில் பார்த்து, பாதி காற்றுச் சத்தம்தான் கேட்டாலும் கடைசிவரை அணைக்காமல் இருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

பெரியவரின் மொழியில் எனக்கு நன்றி என்ற ஒரு சொல்தான் தெரியும். அதையும் தவறாகத்தான் உச்சரித்திருப்பேன். அடுத்த ஆண்டு இதே நாளுக்குள் அந்த மொழியில் பத்து வாக்கியமாவது பேசக் கற்றுக்கொள்வேன். நேரில் போய் அவர் பெயரைக் கேட்பேன்.

படம் எடுத்த தம்பிக்கு ஒரு வேண்டுகோள். சடங்கு முழுக்க அவர் தள்ளி நின்று, நடந்து போகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எந்தப் படத்திலும் அவர் முகம் இல்லை. நாற்பத்தோராவது படத்தில் மட்டும் இடது ஓரத்தில் அவருடைய வாரியின் பற்கள் தெரிகின்றன. அந்த ஓரத்தை வெட்டிவிடாதே. சட்டம் போட்டு மாட்டப்போவது அந்தப் படத்தைத்தான்.