ஹெச்.எஸ்.எஸ். என்று விற்ற மணி உளி செட்: பணம் திருப்பிக் கேட்டு மூன்றாவது கடிதம்

வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் 4,850 ரூபாய் கட்டி வாங்கிய, மரத்தில் மணி (உருண்டையான சிறு மேடு) கடைவதற்கான மூன்று உளி செட் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. ஹெச்.எஸ்.எஸ்., அதாவது சீக்கிரம் மழுங்காத அதிவேக எஃகு என்றுதான் அதை விற்றீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி மட்டும் இரண்டு தடவை வந்தது. யாரும் உளியைப் பார்க்கவும் இல்லை, பணமும் வரவில்லை.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். மரத்தில் சொப்பு சாமான் கடைந்து செய்கிற ஊர். அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குக் கடைசல்தான் பிழைப்பு. நான் ஏழு வருஷமாக மரப் பேனா கடைகிறேன். இதைச் சொல்லக் காரணம், உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் "உங்களுக்கு உளி பிடிக்கத் தெரியலை சார்" என்றார். அதோடு விடவில்லை. "பேனா எழுதினா போதாதா, மணி எதுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்ததும் என் காதில் விழுந்தது. மணி கடைவதற்கென்றே உளி விற்கிற நிறுவனத்தின் ஆள் கேட்கிற கேள்வியா இது?

குறை என்னவென்று மறுபடியும் எழுதுகிறேன். 3 மில்லி என்று பொறித்த உளியின் வாயை வெர்னியர் அளவுகோலில் வைத்தால் 4.2 காட்டுகிறது. அரைவட்ட வாய் என்பதால் அகலம் கூடினால் ஆழமும் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். 3 மில்லி மணிக்கு ஒன்றரை மில்லி ஆழம். உங்கள் உளி 2.1 இறங்குகிறது. பேனாவுக்குள் 7 மில்லி பித்தளைக் குழாய் இருக்கிறது. மணி வரும் இடத்தில் நான் விடுவது 11 மில்லி விட்டம், அதாவது பக்கத்துக்கு 2 மில்லி மரம். உளியின் பள்ளத்தைக் கீழே வைத்து, பிடியைச் சற்று உயர்த்தி, இடமும் வலமும் மெல்ல ஆட்டித்தான் இறக்கினேன். மணி உருண்டு வந்தது. அதன் இரு பக்கமும் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. நல்ல ஈட்டி மரம். முதல் பேனாவில் என் கைப்பிசகு என்று நினைத்தேன். மூன்றாவதும் போன பிறகுதான் அளந்தே பார்த்தேன்.

சரி, மரத்தைக் கொஞ்சம் தடிமனாக விட்டுச் சமாளிக்கலாம் என்று தொடர்ந்தால், நான்கே மணி கடைவதற்குள் கூர் மழுங்கிவிட்டது. மரத்தைச் சீவாமல் பிய்த்தது. இன்னும் ஆறு பேனா போச்சு. சந்தேகம் வந்து, பிடிக்குள் இருக்கும் வால் முனையைச் சாணையில் தொட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே என் பழைய ஹெச்.எஸ்.எஸ். உளியையும் தொட்டேன். பழைய உளியில் மங்கலான சிவப்புப் பொறி குட்டையாக வந்தது. உங்கள் உளியில் மத்தாப்பு மாதிரி வெள்ளையாகச் சிதறியது. அது கார்பன் இரும்பின் பொறி. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சிரித்த மனிதர்தான் "உள் வளைவைச் சாணை பிடிங்க" என்றும் சொன்னார். மேல் முகத்தைத் தட்டையாகத் தேய்க்கவேண்டுமே தவிர வளைவைத் தொட்டால் மணியின் வடிவமே போய்விடும். உங்கள் துண்டுச்சீட்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறீர்கள். சீட்டில் உள்ளபடி மேல் முகத்தை மட்டும் தேய்த்தேன். அப்புறம் "சாணை பிடித்த உளிக்கு வாரண்டி கிடையாது" என்கிறீர்கள்!

மதுரைக் கிளைக்குப் போகச் சொன்னதும் அவரேதான். விடிகாலை நாலரை மணி பஸ் பிடித்து, ஒரு நாள் வேலையை விட்டுப் போனேன். மாடியில் இருந்த பெண், "இங்க பில் மட்டும்தான் அண்ணே போடுவோம், சாமான் பாக்குற ஆள் கோயம்புத்தூர்ல" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், தண்ணீரும் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பையிலிருந்த உளியை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன்.

ஆசிரியர் ஒருவரின் பணி ஓய்வு விழாவுக்கு 60 பேனா, ஒன்று 650 ரூபாய். நாள் தவறியதால் அந்த ஆர்டரே போய்விட்டது. பெயர் கெட்டதையும் சேர்த்தால் என் நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஏழு வருஷ உழைப்பை ஒரே உளி அழித்துவிட்டது.

தயவுசெய்து 4,850 ரூபாயையும், ஒன்பது பேனாவின் சாமான் செலவையும், மதுரை போய் வந்த செலவையும் 15 நாளில் அனுப்பிவையுங்கள். இணைய வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டியது உங்கள் கடமை. அது தாண்டிவிட்டது. இனியும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அந்த ஒரு லட்சத்தை அங்கே கேட்பேன்.

உங்களோடு சண்டை போடுவது என் விருப்பம் இல்லை. உங்கள் பழைய பேனா துளை பிட் இன்றும் என்னிடம் நன்றாக ஓடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் இதை வாங்கினேன். உளியைக் கேட்டால் அனுப்பிவிடுகிறேன். கெட்ட பேனாக்கள் மட்டும் சாட்சிக்கு என்னிடமே இருக்கும்.

"மணி எதுக்கு" என்று கேட்டவர் எனக்கு நேரடியாகப் போன் செய்து வருத்தம் தெரிவிக்கவேண்டும். பணம் வந்தாலும் இதை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்