கையெழுத்து நோட்டு எங்கே போயிற்று? காவல்துறைப் படம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் இருந்துகொண்டு நேர்மையான காவல் அதிகாரிகளின் கதைகளை இந்தித் திரைக்கு எழுதிவரும் மதிப்புக்குரிய திரைக்கதையாசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு வகையில் நானும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவன். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகாரை வாங்கி முதல் தகவல் அறிக்கை எழுதி, பொது நாட்குறிப்பையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொள்ளும் காவலரை ‘ரைட்டர்’ என்றுதான் அழைப்பார்கள். தலைமைக் காவலராக ஓய்வுபெற்ற நான், 34 ஆண்டுப் பணியில் 11 ஆண்டுகளை அந்த மேசையில் கழித்தவன். துப்பாக்கியைப் பயிற்சி மைதானத்தைத் தவிர வேறெங்கும் நான் சுட்டதில்லை. எழுதித் தீர்த்த பேனாக்களுக்குத்தான் கணக்கில்லை.

சென்ற கோடையில் மும்பையை அடுத்த தாணேயில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, 2011-இல் ரோஹித் ஷெட்டி இயக்கி அஜய் தேவ்கன் நடித்த ‘சிங்கம்’ படத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது. இந்தி எனக்கு அரைகுறைதான் என்றாலும் கதை புரியாமல் போகவில்லை, ஏனென்றால் அது எங்கள் ஊர்க் கதை. 2010-இல் ஹரி இயக்கி சூர்யா நடித்த தமிழ்ச் ‘சிங்கம்’ படத்தின் மறுஆக்கம் அது. தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் உங்களிடம் ஷிவ்கட் ஆனது, சென்னை கோவா ஆனது, துரைசிங்கம் பாஜிராவ் சிங்கம் ஆனார். பிரகாஷ் ராஜ் மட்டும் இரண்டு படத்திலும் பிரகாஷ் ராஜாகவே இருந்தார். ஆகவே இம்மடலை வெளியூர்க்காரன் ஒருவன் உங்கள் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகக் கொள்ளாதீர்கள். பெண் கொடுத்த வீட்டார் நலம் விசாரிப்பதாகக் கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது சண்டைக் காட்சி எதுவும் அன்று. கதையைத் தொடங்கிவைப்பதே ஒரு கையெழுத்து என்பதுதான். கொலை வழக்கில் நிபந்தனை ஜாமீன் பெற்ற பெரும்புள்ளி ஒருவன், சிற்றூர்க் காவல் நிலையம் ஒன்றில் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் ஆணை. அவன் தான் வராமல் தன் ஆட்களை அனுப்புகிறான். அந்த நிலையத்து அதிகாரி, ‘அவனே வர வேண்டும்’ என்கிறார். இரு படங்களின் மொத்தப் பகையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் முளைக்கிறது.

இது எவ்வளவு உண்மையான காட்சி என்று உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ, நான் அறிவேன். நிபந்தனை ஜாமீன் கையெழுத்து நோட்டு என் மேசையின் இடப்பக்க இழுப்பறையில்தான் இருந்தது. தினமும் காலை 10.30 மணிக்கு நிலைய அதிகாரி முன் ஆஜராகிக் கையொப்பமிட வேண்டும் என்று ஆணையில் இருக்கும். கூலித்தொழிலாளி என்றால் பத்து மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வசதியுள்ளவர் என்றால் அவருக்குப் பதிலாக ஓர் இளம் வழக்கறிஞரோ, கார் ஓட்டுநரோ வந்து, ‘அண்ணே, இன்னைக்கு ஒருநாள் மட்டும்’ என்று தலையைச் சொறிவார். நாளைக்கு வந்து இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார் என்பார். அந்த நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவதா, ‘ஆஜராகவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதுவதா என்பதுதான் ஒரு காவலரின் நேர்மைக்கு அன்றாடம் வரும் சோதனை. காலியாக விட்டால் ஒன்றும் ஆகாது. எழுதிவிட்டால், ஜாமீனை ரத்து செய்யக் கோரி நீதிமன்றத்துக்குப் போக அந்த ஒரு சொல் போதும். மாலைக்குள் யாரோ எங்கிருந்தோ தொலைபேசியில் அழைப்பார்கள். இத்தனை வலிமையும் இத்தனை அபாயமும் ஒரு சொல்லுக்குள் இருப்பதைத் தமிழிலும் இந்தியிலும் படமெடுத்தவர்கள் கண்டுபிடித்துத்தான் இருக்கிறார்கள். அதற்காக உங்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு.

ஆனால் அதே படம் எங்கே போய் முடிகிறது? ஊழல் பழி சுமத்தப்பட்டுத் தன்னையே சுட்டுக்கொண்ட கதம் என்னும் அதிகாரியின் நாற்காலியிலேயே வில்லனை உட்காரவைத்து, காவல் நிலையத்துக்குள்ளேயே சுட்டுக்கொல்கிறார்கள். அதன்பின் செய்தியாளர் கூட்டத்தில் கதமின் பெயரிலிருந்த களங்கம் துடைக்கப்படுகிறது. நீதிமன்றம் சொன்னதற்காக ஒரு கையெழுத்தை விட்டுக்கொடுக்க மறுத்த அதே மனிதர், கடைசியில் நீதிமன்றம் என ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார். முதல் பாதியில் அவர் காப்பாற்றிய சட்டம் இரண்டாம் பாதியில் அவருடைய கையாலேயே சாகிறது. இதைத் தடுமாற்றம் என்றோ வீழ்ச்சி என்றோ படம் காட்டியிருந்தால் இம்மடலை நான் எழுதியிருக்க மாட்டேன். வெற்றி என்று காட்டுகிறது. 2018-இல் வந்த ‘சிம்பா’விலும் காவல் நிலையத்துக்குள் நடக்கும் கொலைக்குக் கதையே தலையாட்டுகிறது.

நேர்மையான அதிகாரி ஊழலோடு மோதுவது எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இடமும் பெயரும் வேண்டாம். ஓர் இரவு 11.40-க்கு எங்கள் ஆய்வாளர் அனுமதியின்றி ஆற்றுமணல் ஏற்றிவந்த லாரி ஒன்றை மடக்கி நிலையத்துக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு மணி தாண்டித் தொலைபேசி அழைத்தது. ‘இன்னும் எஃப்.ஐ.ஆர். போடலைல்ல?’ என்று எதிர்முனை கேட்டது எனக்கே கேட்டது. ஆய்வாளர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, ‘ஏட்டையா, மணியைப் போட்டு எழுதுங்க’ என்றார். லாரி பிடிபட்ட நேரம், மணலின் அளவு, ஓட்டுநரிடம் நடைச்சீட்டு இல்லாதது, பிறகு அந்த அழைப்பு வந்த நேரம், அழைத்தவர் யார், என்ன கேட்டார் என அனைத்தையும் பொது நாட்குறிப்பில் எழுதினேன். என் கை நடுங்கியதை மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். திருட்டுப் பிரிவோடு கனிமவளச் சட்டத்தின் 21-ஆம் பிரிவையும் சேர்த்து வழக்கு எண் போட்டு, விடிவதற்குள் அறிக்கையை நீதித்துறை நடுவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தோம். நடுவர் கையொப்பமிட்ட நேரம் அதில் விழுந்துவிட்டால், அதற்குமேல் எவராலும் அந்த இரவை மாற்றி எழுத முடியாது.

17-ஆம் நாள் ஆய்வாளர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். லாரி எங்கள் நிலைய வளாகத்தில் நான்கு மழைக்காலம் நின்றது. அதன் பின்புறத் தட்டில் எருக்கஞ்செடி பூத்தது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சிகள் இருவர் பிறழ்ந்தார்கள். ஆய்வாளர் வேறொரு மாவட்டத்திலிருந்து இரவுப் பேருந்து பிடித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் ஒன்றரை மணி நேரம் நின்றார். முன்பகையால் போட்ட பொய் வழக்கு என்ற எதிர்த்தரப்பு வாதம், நாட்குறிப்பின் நேரக் குறிப்பில் வந்து முட்டி நின்றுவிட்டது. உரிமையாளருக்குத் தண்டனை கிடைத்தது. லாரி அரசுடைமை ஆனது. கைதட்ட அங்கே யாரும் இல்லை. இருவரும் நீதிமன்ற வாசலில் தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம். இதில் திரைக்கு வேண்டிய பதற்றம் இல்லை என்று நீங்கள் சொன்னால், அந்தத் தொலைபேசி மணியை நீங்கள் கேட்டதில்லை என்றுதான் நான் சொல்வேன்.

‘படம் படம்தானே, யாரும் அதைப் பார்த்துச் சுடப் போவதில்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். சுடுபவரைவிடக் கைதட்டுபவரை நினைத்தே எனக்குக் கவலை. 2019 டிசம்பர் 6 அதிகாலையில் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் கைதான நால்வர் காவலில் இருக்கும்போது சுட்டுக்கொல்லப்பட்டதும், மக்கள் திரண்டு வந்து காவலர்கள்மேல் பூச்சொரிந்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், தற்காப்புக்குச் சுட்டதாகக் காவல்துறை சொன்னதை நம்ப இயலாது என்றும், இறந்தவர்களில் மூவர் சிறார்கள் என்றும், காவலர்கள் 10 பேர்மீது கொலைக் குற்றத்துக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றும் 2022-இல் வெளியான அறிக்கையில் கூறியது. பூச்சொரிந்தவர்கள் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே. அவர்கள் படித்தது உங்கள் திரைக்கதையை. 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கௌதம் படேல், ‘சிங்கம்’ படத்தின் இறுதிக் காட்சியையே எடுத்துக்காட்டி, அது தரும் செய்தி ஆபத்தானது என்று பொதுமேடையில் பேசினார்.

எங்கள் பக்கத்துக் கதையை மறைப்பதும் முறையாகாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலர்களால் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே தூத்துக்குடி மாவட்டம். கற்பனைத் துரைசிங்கம் பிறந்த மண். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அப்போது அறிக்கை வெளியிட்டார். சீருடை அணிந்தவன் என்ற முறையில் அந்த நாள்களில் நான் வீட்டைவிட்டு வெளியே இறங்கவே கூசினேன். மூலக்கதையைப் படைத்தவரே திரும்பிப் பார்த்து வருந்திய பிறகும், 2021-இல் ‘சூரியவன்ஷி’, 2024-இல் ‘சிங்கம் அகெய்ன்’ என்று உங்கள் வரிசை நீண்டுகொண்டே போயிற்று.

இத்தனைக்கும் உங்கள் மொழியிலேயே வேறு வழி போட்டவர்கள் உண்டு. 1983-இல் கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘அர்த் சத்யா’வுக்குத் திரைக்கதை எழுதியவர் விஜய் டெண்டுல்கர். அதில் ஓம் புரி ஏற்ற வேலங்கர் என்னும் உதவி ஆய்வாளர் நேர்மையானவர்தான். ஆனால் ஆற்றாமை முற்றிய நிலையில் காவலில் இருப்பவன் ஒருவனை அடித்தே கொன்றுவிடுகிறார். அந்தச் சாவு அவரை வீரனாக்குவதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எந்த ரௌடியை வெறுத்தாரோ அவன் வாசலிலேயே போய் நிற்கவைக்கிறது. இறுதியில் அவனையும் கொன்றுவிட்டுக் காவல் நிலையத்தில் சரணடைகிறார். கொலை அங்கே கொலையாகவே பதிவாகிறது. 2003-இல் பிரகாஷ் ஜா எடுத்த ‘கங்காஜல்’, 1979-80-இல் பீகாரின் பாகல்பூரில் காவலர்கள் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமையிலிருந்து பிறந்தது. அந்த அமிலத்துக்கு வழங்கிய பெயர்தான் படத்தின் பெயர். அன்றும் ஊரில் ஒரு பெருங்கூட்டம் காவலர்கள் பக்கமே நின்றது. ஆனால் அந்தப் படத்தின் கண்காணிப்பாளர், இது நீதி ஆகாது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவரும் அஜய் தேவ்கன்தான் என்பது எனக்கு இன்றும் விந்தையாக இருக்கிறது.

கதை கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசக் காவல்துறைத் தலைவராகவும் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் இருந்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங், அரசியல் பிடியிலிருந்து காவல்துறையை விடுவிக்கக் கோரி 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தீர்ப்பு வர 2006 செப்டம்பர் ஆயிற்று. காவல்துறைத் தலைவருக்கும், நிலையப் பொறுப்பு அதிகாரி உள்ளிட்ட களப்பணியில் இருப்போருக்கும் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம், மாறுதல்களை முடிவுசெய்ய அதிகாரிகளே அமர்ந்த ஒரு வாரியம், காவலர்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் என்று அத்தீர்ப்பு ஆணையிட்டது. மாநிலங்கள் அவற்றை எப்படியெல்லாம் நீர்க்கச் செய்தன என்பது தனிக் கதை. எங்கள் ஆய்வாளரை 17 நாளில் தூக்கியடித்த கையைக் கட்டிப்போடக்கூடியது உங்கள் நாயகனின் முஷ்டி அன்று, அந்தத் தீர்ப்புதான். 2012 மார்ச் 8-இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், திருட்டுக் கல் ஏற்றிய டிராக்டரைத் தடுத்து நிறுத்த முயன்று அதன் சக்கரத்தில் மாண்ட இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமாரை நினைத்துப் பாருங்கள். பறந்து வரும் காரை ஒற்றைக் கையால் நிறுத்தும் நாயகர்களுக்கு நடுவே அவருடைய சாவு எவ்வளவு சிறியதாகத் தெரிந்துவிடுகிறது!

போகிறபோக்கில் ஒன்று. உங்கள் படங்களில் ஹவல்தார் என்றால் தொந்தியும் அசட்டுச் சிரிப்பும்தானா? நாயகன் சீட்டியடித்தபடி ஜீப்பிலிருந்து இறங்கும்போது, அன்றைய சம்மன்களை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஒருமுறையாவது எண்ணிப் பாருங்கள்.

நான் உங்களிடம் கேட்பது தடையோ தணிக்கையோ அன்று. வெட்டுவதால் எந்தக் கதையும் நல்ல கதை ஆகிவிடாது. நீங்கள் அடுத்து எழுதும் நேர்மையான அதிகாரி, தான் கைது செய்தவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தட்டும். அந்த நடுவரைக் கோமாளியாகவோ கோழையாகவோ எழுதாமல், கைதியைப் பார்த்து ‘போலீஸ் அடித்தார்களா?’ என்று கேட்கும் ஆளாக எழுதுங்கள். அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்விக்கு எங்களில் பலர் நடுங்கியதும் உண்டு. உங்கள் அதிகாரி ஒரு வழக்கில் தோற்கட்டும், மேல்முறையீட்டுக்குப் போகட்டும். சுட்டே தீர வேண்டும் என்று கதை அவரைத் தள்ளினால் சுடட்டும்; ஆனால் சுட்டதில் ஓர் உயிர் போனால் அதற்கும் ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், வேறு பிரிவினர் வந்து விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறையையும் அதே படத்தில் காட்டுங்கள்.

வரும் மார்கழியில் மீண்டும் தாணே வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். உங்களில் எவருக்காவது விருப்பமிருந்தால், பொது நாட்குறிப்பு எழுதுவது எப்படி, எந்த வரியில் ஒரு வழக்கு உயிர்பிழைக்கிறது, எந்த இடத்தில் அது கொல்லப்படுகிறது என்று உட்கார்ந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறேன். மொழிபெயர்க்க மருமகன் இருக்கிறார். கூலி வேண்டாம், தேநீர் போதும். வரும்போது ஒரு கேள்விக்கு மட்டும் விடை கொண்டுவாருங்கள்: வில்லன் வந்து கையெழுத்துப் போட்டானே, அந்த நோட்டு, பிறகு எங்கே போயிற்று?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரைட்டர் ஒருவன்