ஆண்டு விழாவில் விட்டுப்போன நன்றிகள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நடந்த ஆண்டு விழாவில் நன்றியுரை என் பொறுப்பு. சிறப்பு விருந்தினரில் ஆரம்பித்து மைக் செட்காரர் வரைக்கும் சொல்லி முடித்தேன். மேடைக்கு வராதவர்கள் எல்லாம் தாளின் பின்பக்கத்தில் இருந்தார்கள். திருப்புவதற்குள் நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள். அந்தப் பின்பக்கம்தான் இந்த மடல்.

முதல் நன்றி அறிவொளித் தொண்டர்களுக்கு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. அப்போதைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தைப் பற்றியும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் எங்கள் தெருவுக்கு அறிவொளி என்றால் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு அக்கா. சம்பளம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டு, வராதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். "சோறு வடிச்சிட்டு வர்றேன்" என்றால் வடித்து முடிக்கும்வரை நிற்பார்.

என் அம்மா கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன விரலில் பல்பம் நிற்காமல் நழுவும். அக்கா பழைய சேலையைக் கிழித்துப் பல்பத்தில் தடிமனாகச் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். அப்புறம் நின்றது. பிற்பாடு ஆசிரியப் பயிற்சியில் துணைக்கருவிகள் பற்றி வாரக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். எனக்கு அந்தச் சேலைத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

அடுத்தது வாடகை சைக்கிள் கடை அண்ணனுக்கு. பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அறிவொளியில் சேர்த்திருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் பலரும் பார் வைத்த சைக்கிளில்தான் பழகினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களே கண்டுகொண்ட வசதி. பெடல் வளைந்து வந்தாலும் அண்ணன் முகம் சுளித்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசியவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைவிட எங்கள் பள்ளிக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. படிக்கத் தெரிந்த அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்குள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை வாசல் வேப்பமரத்தைத் தாண்டாதவர்கள், ரேங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அறிவியலுக்கு ஏன் சார் மார்க்கே போடல?" என்று கேட்டார்கள். போடுவதற்கு அறிவியல் ஆசிரியரே இல்லை. திங்கட்கிழமை மனு நாளில் ஐந்து பேர் சைக்கிளிலேயே புதுக்கோட்டைக்குப் போனார்கள். மனுவை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. எழுத்துப்பிழையோடு, ஐந்து கையெழுத்தோடு, அவர்களே எழுதினார்கள். ஆசிரியர் வந்து சேரச் சில மாதம் ஆனது, ஆனால் வந்தார். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊர்க் குழு அன்றைக்கே சைக்கிளில் கிளம்பிவிட்டது என்று நான் கூட்டங்களில் சொல்வதுண்டு. அந்த ஐந்து பேருக்கும் நன்றி. இருவர் இப்போது இல்லை.

கணக்கு சாருக்கு: உங்கள் பிரம்புக்கு நன்றி சொல்ல மாட்டேன் சார். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, குவாரிக்கே நடந்து வந்து அப்பாவிடம் பேசினீர்களே, அதற்கு நன்றி. என்ன பேசினீர்கள் என்று அப்பா கடைசிவரை சொல்லவே இல்லை.

சத்துணவு ஆயாவுக்கு: பசி என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை எது என்று வகுப்பாசிரியருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை ஆன பிறகும் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் நான் உங்கள் சமையற்கூடத்துக்குத்தான் வந்தேன்.

2021-இல், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு வீட்டருகே பாடம் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியபோது எங்கள் ஊரில் முதலில் பெயர் கொடுத்தது அந்த அறிவொளி அக்காவின் மகள். அவருக்கும் சேர்த்தே நன்றி.

ஒரு வேண்டுகோள். அறிவொளிக் காலத்துச் சிலேட்டோ, வருகை நோட்டோ, புகைப்படமோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் பள்ளிக்குத் தாருங்கள். நூலக அறையில் ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறோம். மாலை ஐந்து மணிவரை நான் இருப்பேன். நேரம் கடந்து வருகிறவர்கள் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம், சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை,
இதே பள்ளியின் பழைய மாணவி