மகனும் உடனிருக்க அனுமதி தாருங்கள்

அரசு மருத்துவமனைகளின் முதல்வர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். பெண்கள் வார்டில் இரவில் ஆண் துணை தங்கக்கூடாது என்ற விதி எதற்காக என்பது எனக்குத் தெரியும். அங்கே படுத்திருக்கும் பெண்களின் மறைவு காக்கப்பட வேண்டும். என் அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருவர்தான்.

இடுப்பெலும்பு முறிந்து 18 நாள் வார்டில் இருந்தார். அப்பா இல்லை, கூடப் பிறந்த பெண்ணும் இல்லை. "லேடீஸ் யாரையாவது வரச் சொல்லுங்க" என்று தினமும் மாலையில் என்னை வெளியே அனுப்பினார்கள். படிக்கட்டில் படுத்தேன், அது போகட்டும். நான்காம் நாள்தான் தெரிந்தது, அம்மா பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. ராத்திரி படுத்தபடியே சிறுநீர் கழிக்கப் பெட்பேன் வைக்க, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த பெண்ணை எழுப்பக் கூச்சம். உதடெல்லாம் வெடித்திருந்தது. கேட்டால், "தாகமே இல்லப்பா" என்றார்.

முதுகில் படுக்கைப் புண் வந்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும் நாளில், ஒரு செவிலியர் பத்து நிமிடம் ஒதுக்கிக் கற்றுக்கொடுத்தார். கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பெட்பேனை எப்படி வைப்பது, ஈரம் தங்காமல் எப்படித் துடைப்பது. வீட்டில் எல்லாம் நான்தான் செய்தேன். ஒரு வாரம் இருவருக்குமே கூச்சம், அப்புறம் பழகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை முதல் நாளே தந்திருக்கக்கூடாதா?

படிக்கட்டில் நான் அழுதபோது, "ஆம்பளப்புள்ள அழலாமா தம்பி" என்று காவலாளி தேற்றினார். நல்ல மனிதர். ஆனால் அழவும் கூடாது, பக்கத்தில் இருந்து செய்யவும் கூடாது என்றால், மருந்துச் சீட்டோடு ஓடுவதற்கு மட்டும்தானா மகன்? தாய்க்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு தந்த 2017 சட்டத் திருத்தம் தகப்பனுக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. பிறந்த பிள்ளையைத் தூக்கவே பயப்படும் ஆண்களை இப்படித்தான் வளர்த்துவைத்திருக்கிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். விடுப்பு உங்கள் கையில் இல்லை, வார்டு இருக்கிறது. மறைவுக்கு வசதியுள்ள பிரசவ அறையில் கணவர் துணையிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016லேயே சொல்லிவிட்டது. பிரசவ அறையில் முடிவது எலும்பு முறிவு வார்டில் ஏன் முடியாது?

கட்டிலைச் சுற்றி ஒரு திரை போடுங்கள். பெண் துணை இல்லாத நோயாளி சம்மதித்தால், மகனோ கணவரோ இரவில் உடனிருக்க அனுமதி தாருங்கள். சேர்த்த அன்றே அவருக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். தயவுசெய்து அனுமதி தாருங்கள்.

பணிவுடன்,
ஒரு மகன்