மாத்தி எழுதிடவா, மேடம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு பையன் எழுந்து, "பம்பரம் சுத்தும்போது மட்டும் ஏன் மேடம் விழ மாட்டேங்குது? ஃபார்முலா இல்லாம சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான். "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்ததை, ஏதோ திருடிவிட்டு வந்தது போலச் சொன்னாய். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

2020 நினைவிருக்கிறதா? மார்ச்சில் கல்லூரியை மூடியபோது, மாதக் கடைசியில் திறந்துவிடும் என்று நம்பி, திருத்தாத ரெக்கார்டு நோட்டுகளை மேஜையிலேயே விட்டு வந்தேன். டிசம்பரில் போய்ப் பார்த்தால் பாதியைக் கரையான் தின்றிருந்தது. நடுவில் பரீட்சை உண்டு, இல்லை, உண்டு. ஆகஸ்ட் 26 அன்று, அரியருக்குப் பணம் கட்டியவர்கள் பாஸ் என்று அரசு அறிவித்தது. இரண்டே நாளில், கடைசி வருஷத்துக்குத் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "பரீட்சை இருக்கா மேடம்?" என்பார்கள். முதலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை பொய்யாகிப் போனது. அப்புறம், "எனக்கும் தெரியாதுப்பா, படிச்சு வை" என்று சொல்லப் பழகினேன்.

தியரியை எப்படியோ ஒப்பேற்றினோம். பிராக்டிகல்தான் உதைத்தது. சரி, புவியீர்ப்பு முடுக்கம் (g) கண்டுபிடிக்கிற தனி ஊசல் சோதனைக்கு நூலும் மொபைலும் போதுமே, வீட்டிலேயே செய்யுங்கள் என்றேன். லேபில் எல்லோருக்கும் g-யின் சரியான மதிப்பு 9.8தான் வரும், உனக்கே தெரியும். சீனியர் ரெக்கார்டை வைத்துக்கொண்டு, விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் எழுதுவார்கள். (நானும் எழுதியவள்தான்.) வீட்டில் பார்த்து எழுத எதுவும் இல்லை. 9.3 வந்தது, 10.4 வந்தது.

ஒரு பையன் மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் நூலைக் கட்டி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தான். இருபது அலைவுக்கு நாற்பது நொடியும் கொஞ்சமும். "8.8தான் மேடம் வருது. மாத்தி எழுதிடவா?" என்றான்.

லேபாக இருந்தால் "திரும்பச் செய்" என்று சொல்லியிருப்பேன், அவனும் 9.8 எழுதி நீட்டியிருப்பான். அன்று, "அப்படியே இருக்கட்டும், எங்க தப்புன்னு தேடு" என்றேன். எனக்கும் தெரியவில்லை, நொடி பார்த்ததில் கோட்டை விட்டிருப்பான் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அவன் குரல், பின்னால் மாடு கத்துகிறது. ஊசலின் நீளத்துக்கு நூலை மட்டும் அளந்து 90 செ.மீ. என்று எழுதியிருக்கிறான். முடிச்சிலிருந்து பாட்டிலின் நடு வரைக்கும் இன்னொரு 10 செ.மீ. அதையும் சேர்த்ததும் 9.8. 8.8-ஐ அடிக்காமலே முழு மார்க் போட்டேன்.

அந்த வருஷத்தைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அதே வகுப்பில் இரண்டு பெண்கள், வீட்டில் போன் இல்லாமல் படிப்பையே விட்டார்கள்.

பம்பரத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் ஃபார்முலா இல்லாமல் சொல்ல எனக்கும் வரவில்லை. சாயங்காலம் உன் அப்பாவை ஒன்று வாங்கி வரச் சொன்னேன். எனக்குச் சாட்டை சுற்றவே வராது, அவர்தான் விட்டுக் காட்டினார். நாலைந்து தடவை விடச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அந்தப் பையனையும் ஒரு பம்பரம் கொண்டுவரச் சொல். ஏதாவது பிடிபட்டால் எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா